வயலில் தவறிய நகையைத் தேடும் முறை: உலோகங்காட்டும் கருவியை மண்ணுக்கேற்பத் திருப்பி வையுங்கள்

குறுவை நடவு முடியும் தறுவாயில் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். முப்பது செண்ட் வயல் ஒன்றில் பெண்கள் வரிசையாக நின்று நட்டுக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணி இருக்கும். அவர்களுள் ஓர் அம்மாள் திடீரென்று நிமிர்ந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார். மஞ்சள் கயிறு இற்றுப்போய் எங்கோ அறுந்து விழுந்திருந்தது. கயிற்றோடு தாலியும் போய்விட்டது. ஒரு பவுனுக்கும் குறைவான பொன்தான். ஆனால் கூலிக்கு நடவு நடும் குடும்பம் அந்தப் பொன்னைத் திரும்பச் சேர்க்க எத்தனை பருவம் குனிந்து நட வேண்டும் என்பதை உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று எங்கள் வண்டியில் ஓர் உலோகங்காட்டும் கருவி இருந்தது. மெட்டல் டிடெக்டர் என்று எல்லோரும் சொல்லும் கருவிதான். மண்ணுக்குள் புதைந்த பழைய பாசனக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்காக நண்பர் ஒருவரிடம் இரவலாக வாங்கியது. “கவலைப்படாதீங்க அம்மா, எடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கினேன். பொழுது சாயும்வரை தேடியும் கிடைக்கவில்லை. “மிஷினுக்கே தெரியலைன்னா சாமான் வயல்ல இல்லைன்னு அர்த்தம்” என்றார் வரப்பில் நின்ற ஒருவர். அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அந்த அம்மாளுக்கு அடுத்து நின்று நட்ட இளம்பெண்ணின் மடியைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

தாலி வயலில்தான் இருந்தது. கருவியிலும் பழுதில்லை. அதன் திருகை நான் வைத்திருந்த முறைதான் தவறு. இன்று இக்கருவிகள் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. ஆகவே, அன்று நான் கற்ற பாடத்தையும் அதன்பின் பலவகை மண்ணில் கண்டதையும் உழவர் பெருமக்களுக்குச் சொல்வது பயன்தரும் என்று கருதுகிறேன்.

கருவி வேலை செய்யும் விதம்

கருவியின் கீழ்முனையில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதற்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இரண்டு உள்ளன. ஒரு சுருளில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் உலோகத்தின் மீது பட்டால் உலோகத்துக்குள் சிறுசிறு மின்சுழல்கள் தோன்றும். அச்சுழல்கள் தாமும் ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதனை இரண்டாம் சுருள் வாங்கிக்கொள்ள, கருவி அதை ஒலியாக நமக்குத் தருகிறது.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி மறுமொழி தருவதில்லை. மெல்லிய தகட்டில் மின்சுழல் சட்டென்று ஓய்ந்துவிடும். கனமான செம்பிலும் வெள்ளியிலும் அது சற்று நீடித்து, மறுமொழி காலந்தாழ்ந்து வரும். இரும்பு காந்தத்தன்மை உடையதாகையால் அதன் மறுமொழியே தனி. இந்த வேறுபாட்டை அளந்து, அதற்கு ஓர் எண்ணையோ தனி ஒலியையோ கருவி தருகிறது.

பெரும்பாலான கருவிகளில் இந்த எண் வரிசை இவ்வாறு அமையும்: அடிமட்டத்தில் இரும்பு ஆணி, கம்பி, அடுத்து அலுமினியத் தகடு, மாத்திரை அட்டை, அதே இடத்தை ஒட்டி மூக்குத்தி, தோடு போன்ற மெல்லிய பொன் நகைகள், அதற்கு மேல் மோதிரங்களும் குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையமும், உச்சியில் கனமான பித்தளை, செம்பு, வெள்ளிச் சாமான்கள். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரிசை பெரிதும் மாறாது.

ஒன்றைக் கவனத்தில் கொள்க. கருவி பொன்னை அறியாது. பொருளின் பருமன், கனம், வடிவம், மின்கடத்தும் தன்மை ஆகிய அனைத்தும் கலந்த ஒரு மறுமொழியை மட்டுமே அது அறியும். மாத்திரை அட்டைக்கும் மெல்லிய பொன் தோட்டுக்கும் ஒரே எண் வந்தால் அது கருவியின் குற்றமல்ல, இயற்கை அப்படி.

விலக்குத் திருகு என்பது என்ன?

வேண்டாத உலோகத்துக்கு ஒலி தராமல் இருக்கும்படி கருவியைப் பழக்கும் திருகு ஒன்று உண்டு. கருவியோடு வரும் குறிப்பேட்டில் டிஸ்கிரிமினேஷன் என்று இருக்கும். விலக்குத் திருகு என்று சொல்லலாம். புதிய கருவிகளில் திருகுக்குப் பதிலாகப் பொத்தான்கள் இருக்கின்றன. வேலை ஒன்றே. சிறிது ஏற்றினால் ஆணிகள் மௌனமாகும். மேலும் ஏற்றினால் தகடுகள் மௌனமாகும். இன்னும் ஏற்றினால் வெள்ளியும் செம்பும் மட்டும் பேசும்.

களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இளங்காற்றில் பதர் மட்டும் விலகும். காற்று மிகுந்தால் பதரோடு நெல்லும் பறந்துவிடும். திருகை ஏற்ற ஏற்றக் குப்பை குறைவது உண்மை. நாம் தேடும் பொருளும் அந்தக் குப்பையோடு போய்விடலாம் என்பதும் உண்மை. மேலும், விலக்கைக் கூட்டினால் ஆழத்தில் கிடக்கும் பொருளின் மெல்லிய ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது வராமலே போகும்.

நான் செய்த தவறு

அந்த வயலின் வரப்போரம் பூச்சிமருந்துப் பொட்டலங்களின் தகட்டுத் துண்டுகளும் மாத்திரை அட்டைகளும் நிறையக் கிடந்தன. இறங்கியதும் கருவி ஓயாமல் கத்தியது. நான் பொறுமையிழந்து, இரும்பும் தகடும் மௌனமாகும் வரை திருகை ஏற்றிவிட்டேன். கருவி அடங்கியது. அதன்பின் நிம்மதியாகத் தேடினேன். அந்த நிம்மதிதான் என்னை ஏமாற்றியது.

இரவு அந்த அம்மாளிடம் மறுபடியும் விசாரித்தேன். “கயித்துல தாலி மட்டுந்தான் இருந்துச்சா அம்மா?” என்று கேட்டேன். “ரெண்டு ஊக்கும் மாட்டியிருந்தேன் ஐயா, சேலைக்குக் குத்த” என்றார். நம் ஊர்ப் பெண்களின் தாலிக் கயிற்றில் ஊக்கு தொங்குவதை நாள்தோறும் பார்க்கிறோம். எனக்கு அது உறைக்கவில்லை. ஊக்கு இரும்பு. மெல்லிய பொன்னை ஒட்டி இரும்பு கிடந்தால் இரண்டின் மறுமொழியும் கலந்து, கருவி அதை இரும்பு என்றே எண்ணும். நான் இரும்பை விலக்கச் சொல்லியிருந்தேன். கருவி சொன்னபடி செய்தது.

உடனே சோதித்துப் பார்த்தேன். அந்த வீட்டுச் சிறுமியின் தோடு ஒன்றையும் ஊக்கு இரண்டையும் ஒரு நூலில் கட்டித் தரையில் வைத்தேன். நான் பகலில் வைத்திருந்த அதே அமைப்பில் கருவி வாய் திறக்கவில்லை. விலக்கை முழுவதும் எடுத்ததும் தெளிவாகப் பேசியது.

மறுநாள் விடியற்காலையில் வயலின் நீரை வடித்துவிட்டு, விலக்கு ஏதுமின்றி, கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகத் தேடினோம். தகடும் ஆணியுமாக நாற்பதுக்கு மேல் பொறுக்கினோம். எட்டு மணிக்கு, வரப்பிலிருந்து நான்கடி தள்ளி, இரண்டு குத்துகளுக்கு நடுவே, மூன்று அங்குல ஆழத்தில் தாலி கிடைத்தது. முந்தின நாள் அதன் மேலேயே இரண்டு முறை தட்டை ஓட்டியிருக்கிறேன். அந்த அம்மாள் தாலியைக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேறு யாரிடமும் பேசாமல், முதலில் அந்த இளம்பெண்ணின் வீட்டை நோக்கித்தான் நடந்தார்.

தேடும் முன் கேட்க வேண்டியவை

விதைக்கும் முன் முளைப்புத்திறன் பார்ப்பது போல, தேடும் முன் சோதனை பார்க்க வேண்டும். தொலைந்த பொருளைப் போன்ற ஒன்றை அதே வயல் மண்ணில் இரண்டு மூன்று அங்குலம் புதைத்து, எந்த அமைப்பில் ஒலி தெளிவாக வருகிறது என்று பாருங்கள். தாலியைக் கழற்றித் தரும்படி யாரையும் கேட்க வேண்டாம். அதே எடையுள்ள தோடோ மோதிரமோ போதும். சோதனை முடிந்ததும் மறவாமல் எடுத்துவிடுங்கள்.

நகைகளின் தன்மையும் தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய கண்ணிச் சங்கிலி கருவிக்கு மிகவும் கடினமானது. கருவி அதை ஒரே பொருளாகக் காண்பதில்லை. தனித்தனிக் கண்ணிகளாகவே காண்கிறது. ஆகவே கொக்கியோ பதக்கமோதான் ஒலி தரும். கொலுசுக்கும் இது பொருந்தும். முழு வளையமான மோதிரம் நன்றாக ஒலி தரும். மெட்டி பெரும்பாலும் வாய் பிளந்த வளையம். மின்சுழல் முழுவட்டம் சுற்ற முடியாது. அதனால் வெள்ளியாக இருந்தும் எண் தாழ்ந்து காட்டும். வெள்ளி என்றெண்ணித் திருகை ஏற்றி வைத்தால் மெட்டி கிடைக்காது.

சாதாரணக் கருவியில், நல்ல மண்ணில், மோதிரம் ஒன்று சுமார் அரையடி ஆழம் வரை தெரியும். மூக்குத்தி போன்ற சிறு பொருள் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கீழே போனால் தெரிவது அரிது. ஆகவே நகை தொலைந்த வயலை உழுவதும் மிதிப்பதும் கூடாது. தொலைந்தது தெரிந்தவுடன் ஆட்களை வந்த வழியே வெளியேற்றி, கடைசியாக வேலை செய்த இடத்தில் குச்சி நட்டுவிடுங்கள்.

மண்ணுக்கு மண் மாறும் அமைப்பு

விலக்குத் திருகைத் தவிர இன்னும் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று கூர்மைத் திருகு. மெல்லிய ஒலியையும் வாங்குமாறு கருவியைக் கூர்மையாக்குவது. மற்றொன்று மண் ஈடு. மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்களின் மறுமொழியைக் கழித்துவிடுவது. உலோகம் இல்லாத ஓரிடத்தில் தட்டைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, ஒலி மாறாமல் சீராகும் வரை மண் ஈட்டைத் திருப்ப வேண்டும். வயல் மாறினால் இதை மறுபடியும் செய்தாக வேண்டும்.

சேற்று வயல்: நன்னீர் கருவிக்குப் பெரிய இடையூறன்று. தட்டு நீரில் நனையலாமா, கைப்பெட்டி நனையலாமா என்பதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்க. பல கருவிகளில் தட்டு மட்டுமே நனையலாம். விலக்கு இல்லாமல் தேடுவதே நலம். சேற்றைத் தோண்டும்போது பொருள் நழுவி மேலும் கீழே போகும். ஒலி வந்த இடத்தில் கையால் ஒரு கூடை சேற்றை அப்படியே அள்ளி, தட்டின் மேல் காட்டிப் பார்த்து, பிறகு அலசிப் பாருங்கள்.

கரிசல்: வெயில் காலத்தில் வெடிப்புகள் ஆழமாக ஓடும். மோதிரம் வெடிப்புக்குள் விழுந்தால் கருவிக்கு எட்டாது. முதலில் வெடிப்புகளில் விளக்கு அடித்துப் பாருங்கள். பிறகு மண் ஈடு செய்து, குறைந்த விலக்கில் தேடுங்கள்.

செம்மண், சரளை நிலம்: சிவப்பு நிறத்துக்குக் காரணமே இரும்பு ஆக்சைடுதான். சேலம் கஞ்சமலை போல இரும்புத்தாது உள்ள பகுதிகளில் மண்ணே காந்தத்தில் ஒட்டும். இத்தகைய நிலத்தில் கூர்மையை ஏற்றினால் கருவி மண்ணுக்கே கத்தும். கூர்மையைச் சற்றுக் குறையுங்கள். மண் ஈட்டைக் கவனமாகச் செய்யுங்கள். தாது மிகுந்த மண்ணில், ஆழத்தில் உள்ள நல்ல பொருளும் இரும்பு போலக் காட்டும். ஆதலால் இங்கு விலக்கைக் கூட்டுவது பெருந்தவறு. செங்கல் சூளை இருந்த இடத்திலும் இதே தொல்லை உண்டு. சுட்ட மண் காந்தத்தன்மை பெறுகிறது.

கடலோர உவர் நிலம்: உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்துகிறது. கருவி அதை மெல்லிய தகடு என்று எண்ணிக்கொள்ளும். மெல்லிய பொன்னும் அதே இடத்தில்தான் காட்டும் என்பதால் இங்குத் தேடுவது எல்லாவற்றிலும் கடினம். நிலம் நன்றாகக் காய்ந்த பின் தேடுவது ஒரு வழி. கடற்கரைக்கென்று தனி அமைப்பு உள்ள கருவியை வாங்குவது மற்றொரு வழி. பல்ஸ் இண்டக்ஷன் என்ற வகைக் கருவி உப்பையும் தாதுவையும் பொருட்படுத்தாது. ஆனால் இரும்பையும் பொன்னையும் பிரித்துச் சொல்லும் திறன் அதற்குக் குறைவு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் உள்ளது போன்ற கருமணலில் இல்மனைட் முதலிய தாதுக்கள் கலந்திருப்பதால் மண் ஈடு மிகவும் தேவை.

களத்துமேடு, கொல்லை, குப்பைக் குழி: ஆணியும் தகரமும் நிறைந்த இடம் இது. முழு விலக்கோடு வேகமாக நடக்க மனம் தூண்டும். அவ்வாறு செய்யாதீர்கள். ஆணிக்கு அருகில் கிடக்கும் தோட்டை ஆணியின் மறுமொழி மறைத்துவிடும். சிறிய தட்டைப் பொருத்தி, மெதுவாக, இரண்டு திசைகளிலிருந்தும் ஓட்டுங்கள். இரும்புக்குத் தடித்த ஒலியும் மற்றவற்றுக்கு மெல்லிய கூரிய ஒலியும் தரும் கருவியானால், விலக்காமல் காதால் பிரித்துக்கொள்வதே சிறந்தது. முதலில் கனமான இரும்பையெல்லாம் பொறுக்கிவிட்டு மறுமுறை தேடினால் மறைந்திருந்த ஒலிகள் வெளிப்படும். வாஷர் போன்ற இரும்பு வளையமும் துருப்பிடித்த அகன்ற தகரமும் வெள்ளி போல ஒலித்து ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மோட்டார் கொட்டகை, மின்கம்பி அருகில்: உலோகம் இல்லாமலே கருவி பிதற்றினால் மின் இடையூறு என்று கொள்க. மோட்டாரையும் மின்வேலியையும் நிறுத்துங்கள். கைப்பேசியை வரப்பில் வைத்துவிடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் கூர்மையைக் குறையுங்கள். இரண்டு கருவிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தேடினாலும் ஒன்று மற்றொன்றைக் குழப்பும்.

இடையூறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் தேடினால் பெரியவர்களும் தோற்பார்கள். 1881ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைத் தேடத் தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். கிடைக்கவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின. வைத்தியர் தேடவிட்டது வலப்பக்கம். குண்டு கிடந்ததோ இடப்பக்கம்.

தேடும் ஒழுங்கு

வயலைக் கயிற்றால் மூன்றடி அகலப் பாத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டைத் தரையை ஒட்டி, ஓரங்குல இடைவெளியில், மட்டமாக ஓட்டுங்கள். கையை வீசும்போது இரு முனைகளிலும் தட்டு மேலே எழும்பும். அந்த இடங்களில்தான் பொருள் தப்பும். ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சில் பாதியை மூட வேண்டும். நீளவாட்டில் முடித்தபின் குறுக்குவாட்டிலும் ஒருமுறை ஓட்டுங்கள். அவசரப்பட்டு ஒரு ஏக்கர் தேடுவதைவிட நிதானமாக ஐந்து செண்ட் தேடுவது மேல்.

மற்ற பயன்கள்

கலப்பையின் கொழு, கொத்துக்கலப்பையின் போல்ட்டு, அறுந்த கம்பி முதலியவை வயலில் கிடந்தால் ரோட்டாவேட்டரின் கத்தி முறியும். ஆளின் காலும் கிழியும். இவற்றைத் தேடும்போது விலக்கு அறவே கூடாது. நமக்கு வேண்டியதே இரும்புதான். சிறு ஆணி, கம்பித் துண்டுகளுக்குக் கருவிகூடத் தேவையில்லை. பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தாலே போதும்.

மாட்டு வைத்தியத்திலும் இக்கருவிக்கு இடம் உண்டு. தீவனத்தோடு விழுங்கிய கம்பியும் ஆணியும் மாட்டின் தேன்கூடு போன்ற இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கும் இருதயத்துக்கும் இடையே உள்ளது மெல்லிய தடுப்பே. கம்பி குத்தினால் மாடு தீனி குறைக்கும், பால் வற்றும், முதுகைக் கூனி நிற்கும், சரிவில் இறங்க மறுக்கும், முன்மார்பில் நீர் கட்டும். கருவியைப் பிடித்தால் ஒலி வரலாம். ஆனால் நன்றாகத் தீனி எடுக்கும் பல மாடுகளின் வயிற்றிலும் இரும்பு இருக்கிறது. இரும்பு உண்டு என்பதைக் கருவி சொல்லும். அது குத்திவிட்டதா என்பதைச் சொல்லாது. அதை அறிய வேண்டியவர் கால்நடை மருத்துவர். கம்பி கட்டிய வைக்கோல் கட்டைக் கவனமாகப் பிரிப்பதும், தீவனம் நறுக்கும் எந்திரத்தின் வாயில் காந்தம் வைப்பதும் வருமுன் காக்கும் வழிகள்.

புதையல் கிடைத்தால்

1992ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்தில் ஹாக்சன் என்ற ஊரில் ஓர் உழவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். தேடித்தரும்படி எரிக் லாஸ் என்ற நண்பரைக் கேட்டார். அவருடைய கருவி ஒலித்த இடத்தில் தோண்டியபோது ரோமானியர் காலத்துப் பொன், வெள்ளி நாணயங்களும் நகைகளும் வந்தன. நாணயங்கள் மட்டும் சுமார் 15 ஆயிரம். லாஸ் ஆசைப்பட்டு முழுவதையும் தோண்டவில்லை. நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்பொருள் ஆய்வாளர்கள் வந்து, ஒவ்வொன்றும் இருந்த நிலை கெடாமல் எடுத்தார்கள். அரசு அளித்த 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டை லாஸ் அந்த உழவருடன் பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாயின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் உண்டு. உழும்போது செப்புத் திருமேனியோ பழங்காசுப் பானையோ தட்டுப்பட்டால் கழுவாமல், தேய்க்காமல், உருக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட கோயில், கோட்டை, பழமேடு ஆகிய இடங்களில் கருவியோடு நுழைந்து தோண்டுவது குற்றம். வெடிகுண்டு போன்ற உருண்டையோ குழலோ தென்பட்டால் தொடாமல் விலகிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

கருவியை வீட்டுக்கு வீடு வாங்க வேண்டிய அவசியமில்லை. உழவர் மன்றமோ கூட்டுறவுச் சங்கமோ ஒன்றை வைத்துக்கொண்டு, ஊரில் நிதானமுள்ள ஓர் இளைஞரைப் பழக்கினால் போதும். அவருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது மூன்றே: தொலைந்தது என்ன, அதோடு சேர்ந்திருந்தது என்ன என்று கேட்க வேண்டும், அதே மண்ணில் சோதனை பார்க்க வேண்டும், தெளிவில்லாதபோது விலக்கைக் குறைத்துத் தோண்ட வேண்டும்.

நாற்பது தகட்டைத் தோண்டினால் இடுப்பு வலிக்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும். கருவி பேசவில்லை என்பதற்காக வயலில் பொருள் இல்லை என்று முடிவுகட்டி, பக்கத்தில் நட்டவள் மீது பழிபோட்டால் அது அவ்வளவு எளிதில் ஆறாது. திருகில் கை வைக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.